கீழத்துறையில் ஒரு முழுக்கு

இப்போதுதான் அவர் என் வாசலைத் தாண்டிப் போனார். உமக்குப் பிறகு வந்த ஹெட்மாஸ்டரைச் சொல்கிறேன். தண்டவாளத் துண்டை அடித்துப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆற்றின் மேலத்துறைக்குப் போகிறார். ஒரு முங்கு போட்டுவிட்டு, ஈரவேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகத் தெருவுக்குள் வருகிறார். அவர் போன வழியெல்லாம் புழுதியில் சொட்டுச் சொட்டாக ஈரம். அது காயும்வரைக்கும் நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நிற்கிறேன். ஏன் நிற்கிறாய் என்று கேட்க இந்தத் தெருவில் ஆளில்லை. நீர் இருந்தால் கேட்டிருப்பீர். "என்ன வே, ஈரத்தையா காவல் காக்கீரு?" என்று கேட்டிருப்பீர்.

அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்கு வருகிறார், அடிப்பதில்லை, கணக்கு நன்றாகச் சொல்லித்தருகிறாராம். தாலுகா போர்டு ஆபீசில் பள்ளிக்கூட விவகாரங்களைப் பார்க்கிற தலைமைக் குமாஸ்தா நான். சர்க்கார் உத்தரவை நகல் எடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினவனும் நான்தான். எந்தச் சாதிப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. சேர்த்துக்கொண்ட பிறகு சாயங்காலம் வாத்தியார் குளிக்கலாமா, கூடாதா என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. இந்தக் குளியலை வைத்துத்தானே உம்மோடு அந்தச் சண்டை போட்டேன்? சண்டை இன்னும் முடியவில்லை, ஓய். நீர் பாதியில் எழுந்து போய்விட்டீர். பதில் சொல்ல ஆளில்லாமல் நான் ஒருத்தனே இரண்டு பேர் பேச்சையும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உம்மை நான் முதலில் பார்த்ததே தண்ணீருக்குள்தான். புது ஹெட்மாஸ்டர் வந்திருக்கிறாரே, வீடு பார்த்துக் கொடுப்போம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஆளில்லை. ஆற்றின் நடுவில் ஒரு தலை மட்டும் தெரிந்தது. அங்கேயிருந்தே, "கொஞ்சம் இரும் வே, அக்கரையைத் தொட்டுட்டு வந்திடுதேன்" என்று கத்தினீர். முன்பின் தெரியாத ஆளை 'வே' என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. கல்லிடைக்குறிச்சியில் பிறந்த உமக்கு ஆறு என்றால் அடுக்களை மாதிரி. எனக்கோ முழங்காலுக்குமேல் தண்ணீர் ஏறினால் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். கடைசிப் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறவன் நான். அதை வைத்து நீர் என்னைக் கேலி செய்யாத நாளுண்டா? "ஆறு உம்மைக் கடிச்சா தின்னுரும்?" என்பீர். மனைவியைப் பறிகொடுத்து, பிள்ளை குட்டி இல்லாமல், ஒரு தகரப் பெட்டியோடு வந்த மனிதர். காலையில் ஒரு குளியல், பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு குளியல். இதைத் தவிர உமக்கென்று ஒரு சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, ஆற்றங்கரை மருத மரத்தடியில், ஓலை வேய்ந்த கொட்டகை. அது புறம்போக்கு என்பதால் சேரிப் பிள்ளைகள் தெருவுக்குள் நுழையாமலே வந்து சேரலாம். நீர் வந்த வருஷம் மூன்று பேர் சேர்ந்தார்கள். வாழைத்தோட்டத்துக் கூலியாள் சுடலையின் மகன் இசக்கி ஒருவன், மற்ற இரண்டு பேர் அவன் சித்தப்பன் பிள்ளைகள். உமக்கு முன்னால் இருந்தவர் அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கொட்டகைக்கு வெளியே உட்கார்த்தி, நீளக் குச்சியால் மணலில் எழுத்தைப் போட்டுக் காட்டுவார். தப்பாக எழுதினால் மண்ணாங்கட்டியால் எறிவார். நீர் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உள்ளே உட்கார வைத்தீர். ஆற்று மணலைப் பரப்பி, இசக்கியின் விரலைப் பிடித்து 'அ' போட்டீர். நான் ஆபீஸ் காரியமாக அன்றைக்கு அங்கே வந்திருந்தேன். விரலைப் பிடித்ததும் அந்தப் பயல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஏதோ தப்புச் செய்துவிட்டவன்போல முகம் வெளிறிப்போயிற்று. "ஏலே, என் கை என்ன சுடுதா?" என்று நீர் கேட்டீர். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவனும் சிரித்து, கையை நீட்டினான்.

ஊரில் அதற்கு யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. எனக்கே ஆச்சரியம். நீர்தான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மேலத்துறையில் விழுந்து, அரைமணி நேரம் நீந்தி, நனைந்து சொட்டத்தானே தெருவுக்குள் வருகிறீர்? சார்வாள் தீட்டுக் கழிய முங்கிவிட்டு வருகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆசைக்குக் குளித்த குளியலைத் தெரு தன் வசதிக்கு ஒரு கணக்கில் சேர்த்துக்கொண்டது. உமக்கு அது தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் இருந்தேன்.

அந்தச் சித்திரை மாதம் ஒரு சாயங்காலம், கரையில் உடுத்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தீர். துண்டு காய்ந்து கிடந்தது. "என்ன, இன்னும் இறங்கலையா?" என்றேன்.

"இசக்கி ஒண்ணு கேட்டான் வே" என்றீர்.

"என்ன கேட்டான்?"

"எங்களைத் தொட்டதுக்குத்தான் குளிக்கீயளா சார், அப்படின்னு கேட்டான். கோவமால்லாம் கேக்கலை. மழை வருமா சார்னு கேப்பாம்லா, அந்த மாதிரி கேட்டான்."

"இல்லைலேன்னு சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னேன். சரி சார்ன்னான். அவன் நம்பலை வே."

நீர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தீர். வெயிலில் வெந்து வந்த உடம்பு, கை எட்டும் தூரத்தில் ஆறு. பிறகு எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, காய்ந்த வேட்டியோடு தெருவுக்குள் நடந்தீர். அன்றிலிருந்து சாயங்காலக் குளியலை விட்டுவிட்டீர். விடியற்காலையில் ஒரு முறை குளித்ததோடு சரி.

தெரு பார்க்காமல் இருக்குமா? நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மேலவீட்டு அண்ணாச்சி என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊரில் பாதி நிலம் அவருக்கு. சுடலை வேலை பார்த்ததும் அவர் வாழைத்தோட்டத்தில்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. உம்மையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினார்.

"சார்வாள், சேரிப் பிள்ளைகளை உள்ள உக்கார வச்சீய. நாங்க ஒண்ணும் சொல்லலை. தொட்டுச் சொல்லிக்கொடுக்கீய. அதுக்கும் ஒண்ணும் சொல்லலை. சர்க்கார் உத்தரவு, இருக்கட்டும். தெருவுக்குள்ள வாரதுக்கு முன்னால ஒரு முங்கு. அவ்வளவுதான் கேக்கோம். நீங்க முந்தி செஞ்சதுதானே?"

அவர் போனதும் நான் உம்மைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குப் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆத்துல குளிக்கது உமக்கு உயிரு. குளியும்னு ஊரே கெஞ்சுது. குளிச்சிட்டுப் போமேன்! நீர் எதுக்குக் குளிக்கீருன்னு உம்ம மனசுக்குத் தெரியாதா?"

"என் மனசுக்குத் தெரியும். அந்தப் பயலுக்கு யாரு சொல்லுவா?"

"அவன் சின்னப் பய. நாளைக்கே மறந்திருவான்."

"மறக்கமாட்டான் வே. பள்ளிக்கூடத்துல நான் சொல்லிக்கொடுக்கதை எல்லாம் மறப்பான். இதை மறக்கமாட்டான்."

"ஒரு முங்குக்காக மூணு பிள்ளைக படிப்பு போயிரும்யா!" என்றேன். நீர் எழுந்து போய்விட்டீர். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் சுடலையே வந்தான். பள்ளிக்கூடம் விட்டபிறகு, மருத மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நீரும் நானும் இருந்தோம்.

"அய்யா, ஒரு முங்கு போட்டுருங்க சாமி" என்றான்.

நீர் திடுக்கிட்டு எழுந்தீர். "நீயா சொல்லுதே?"

"எங்களுக்கு அதுல ஒண்ணுமில்லைய்யா. பழகினதுதானே. அய்யா குளிக்காமப் போறதுக்குத் தோட்டத்துல என்னைக் கேக்காக. நாளையிலேருந்து வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டாகன்னா நான் எங்க போவேன்? பய படிக்கட்டும். அய்யா குளிச்சிருங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி இந்த மனிதர் என்ன சொல்ல முடியும்? நீர் சுடலையை நேராகப் பார்த்து, "சரிப்பா. நாளைக்குக் குளிச்சிடுதேன். அவக கிட்டயும் சொல்லு" என்றீர். சுடலை கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் அந்தக் கூத்து! எப்படியும் குளிக்கப் போகிறீர், பக்கத்தில் இருப்போம் என்று நான் ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டேன். மணி அடித்தது. நீர் தலைப்பாகையை அவிழ்த்து, கோட்டைக் கழற்றி, "பிடியும் வே" என்று என் கையில் கொடுத்தீர். தெருக்காரர்கள் குளிக்கிற மேலத்துறைப் பக்கம் போகவில்லை. மாடு குளிப்பாட்டுகிற கீழத்துறைக்கு நடந்தீர். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, திரும்பி நின்று, "ஏலே இசக்கி! வாங்கலே! எல்லாரும் வாங்க! நீச்சல் சொல்லித்தாரேன்!" என்று கத்தினீர்.

சேரிப் பிள்ளைகள் மூன்று பேரும் கரையிலேயே நின்றார்கள். நீர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றீர். இசக்கிதான் முதலில் குதித்தான். அவ்வளவுதான். பிள்ளைகளைத் தண்ணீரைக் காட்டிவிட்டு நிறுத்த யாரால் முடியும்? பிள்ளைமார் தெரு, செட்டித் தெரு, எல்லா வீட்டுப் பயல்களும் சட்டையை வீசிவிட்டு விழுந்தார்கள். கூச்சலில் மருத மரத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. நீர் இசக்கியின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து மிதக்கவிட்டுக்கொண்டிருந்தீர். அவன் காலை உதைத்து உம் முகமெல்லாம் தண்ணீரை அடித்தான். அத்தனை நாள் சாயங்காலத்தில் ஆற்றைத் தொடாமல் இருந்த மனிதரின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொட்டச் சொட்டத் தெருவுக்குள் வந்தீர். நான் தலைப்பாகையும் கோட்டுமாகப் பின்னால் ஓடி வந்தேன். மேலவீட்டு அண்ணாச்சி வாசலில் நின்றார். நீர் அவரைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "குளிச்சாச்சு அண்ணாச்சி!" என்றீர். என்னைப் பார்த்து, "குளிச்சாச்சு வே!" என்றீர். அவர் கேட்டது குளியல், குளித்தாயிற்று. சுடலையை வேலையைவிட்டு நிறுத்தவும் வழியில்லை. அடப் பாவி மனுஷா, அன்றைக்கு என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் சிரித்த சிரிப்பு உமக்குத் தெரியாது.

மேலத்துறைக்கே அவர்களைக் கூட்டிப்போயிருக்கலாமே என்று பிறகொரு நாள் உம்மைச் சீண்டினேன். "போயிருக்கலாம். அடி விழுந்தா எனக்கா விழும்? சுடலைக்குல்லா விழும்" என்றீர். நீர் வீம்புக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிற்று. வீம்பிலேயும் இவ்வளவு பார்த்து நடந்தவர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கோடை முழுவதும் கீழத்துறையில் தினமும் திருவிழாதான். நான் தினமும் கரையில் நின்று உம் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். "இறங்கும் வே, முழங்கால் தண்ணிதான்" என்பீர். "போம் வே" என்பேன். ஆனால் தன் பிள்ளை எந்தத் துறையில் யாரோடு முங்குகிறான் என்பது எந்த வீட்டுக்கும் எத்தனை நாள் தெரியாமலிருக்கும்? போர்டுக்கு மனு வந்தது. தங்கள் பிள்ளைகளும் கூட முங்குவதை எழுத வெட்கப்பட்டு, ஹெட்மாஸ்டர் ஆசாரம் கெடுக்கிறார், குளிக்காமல் தெருவுக்குள் வருகிறார் என்று எழுதியிருந்தார்கள். பதில் எழுதும் வேலை என்னுடையது. 'ஹெட்மாஸ்டர் தினந்தோறும் மாலையில் தவறாமல் ஸ்நானம் செய்கிறார். நேரில் கண்டவன் நான்' என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமாக எழுதிய வரி வேறில்லை. போர்டுத் தலைவர் படித்துவிட்டுச் சிரித்துவிட்டார். சிரித்தவர்தான் மறுமாதம் உம்மை மாற்றினார். 'நிர்வாக சௌகரியத்தை முன்னிட்டு' என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். யாருடைய சௌகரியம் என்று கேட்க ஒரு குமாஸ்தாவுக்கு வாய் ஏது?

உம்மைப் போட்டது உவரிப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. கிணற்றில் ஊறுவதும் உப்புத் தண்ணீர். வண்டியில் தகரப் பெட்டியை ஏற்றும்போது, "கடல் இருக்குல்லா வே" என்று எனக்கு ஆறுதல் சொன்னீர். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது!

இப்போது சொல்கிறேன், கேளும். புது ஹெட்மாஸ்டர் வந்த முதல் நாள் நான் ஆற்றங்கரையில் இருந்தேன். மணி அடித்தது. சேரிப் பிள்ளைகள் மூன்று பேரும் ஓடிவந்து கீழத்துறையில் நின்றார்கள். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே வந்தார். மேலத்துறைக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முங்கு போட்டார். எழுந்து துண்டைப் பிழிந்துகொண்டு தெருவுக்குள் போய்விட்டார். அவர் ஒரு கெடுதலும் செய்யவில்லை, ஓய். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் தெருப் பக்கம் போய்விட்டார்கள். இசக்கி சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான். அந்த இரண்டு பயல்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சேரிக்குப் போனான். மறுநாள் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஒரு முங்கில் என்ன இருக்கிறது என்று உம்மிடம் அப்படிக் கத்தினேனே. என்ன இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

ஐப்பசியில் உம்மைப் பார்க்க உவரிக்கு வந்தேன். உப்புக் காற்றில் கறுத்து, பாதியாகப் போயிருந்தீர். மீனவப் பிள்ளைகள் உம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "இந்தப் பயலுவ எனக்கு நீச்சல் சொல்லித் தாரானுவ வே" என்றீர். பிறகு மெதுவாக, "நம்ம பிள்ளைக வாராகளா?" என்று கேட்டீர்.

"நின்னுட்டாக" என்றேன்.

"இசக்கியுமா?"

"அவன்தான் முதல்ல நின்னான்."

கடலைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். 'நீர் சொன்னதுதான் சரி' என்று சொல்ல வாயெடுத்தேன். சண்டைக்காரனுக்கு அது லேசில் வருமா? அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டி ஏறிவிட்டேன்.

அடுத்த தடவை இல்லாமல் போய்விட்டது. காய்ச்சலில் போய்விட்டீர் என்று தைக்குப் பிறகு கடுதாசி வந்தது. அடக்கமெல்லாம் முடிந்து நாளாகியிருந்தது. மீனவர்கள்தான் முன்நின்று எல்லாம் செய்தார்களாம். கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை எடுத்துக் கொடுத்தாள். "சாவுச் செய்தி கேட்டாச்சு. ஆத்துல போய் ஒரு முங்கு போட்டுட்டு வாங்க" என்றாள்.

போனேன். கால் தன்னால் கீழத்துறைக்குப் போயிற்று. சுடலை மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். இசக்கியும் அந்த இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து விலகினார்கள். சுடலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் மாட்டை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தபடி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது, ஓய். மணல் காலடியில் நழுவுகிறது, பிடிக்க ஒன்றுமில்லை. "இசக்கி, வாலே. எனக்கு நீச்சல் தெரியாது, கையைப் பிடி" என்றேன். அவன் தன் அப்பனைப் பார்த்தான். பிறகு பைய இறங்கி வந்து என் கையைப் பிடித்தான். மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். அவர்கள் பிடித்துக்கொள்ள, உமக்காக முங்கினேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு எழுந்தேன். இசக்கி சிரித்துவிட்டான். "சார்வாள் இப்படி முங்கமாட்டாக" என்றான். பிறகுதான் அழுதான்.

வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீடுகளில் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரி செம்பில் தண்ணீரோடு நின்றாள். வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள்.

"எந்தத் துறையில குளிச்சீய?"

"கீழத்துறையில."

"யாரோட?"

"இசக்கியோட."

அவள் குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி, "மேலத்துறையில போய் இன்னொரு முங்கு போட்டுட்டு வந்திருங்களேன். எல்லாரும் பாக்காக" என்றாள்.

நீர் பேசிய தெரு, நீர் பேசிய வாசல். எதிரே மேலவீட்டு அண்ணாச்சியும் நின்றார். எனக்கு உம் குரல் கிடையாது. வந்த குரலில் சொன்னேன்.

"குளிச்சாச்சு."